பெண்ணைப் பெற்றவனின் ஈரடி

ஒலிம்போஸ் ஊரில் பாடத் தெரியாத ஆண்பிள்ளை ஒருவன் உண்டென்றால் அது பஸ் ஓட்டும் மினாஸ்தான். ஊர் அதை மறைத்ததும் இல்லை, மறந்ததும் இல்லை. வேறு ஊரில் ஒருவனுக்குப் பாட வராவிட்டால் பேசாமல் கையைத் தட்டிவிட்டு எழுந்து போகலாம். கார்ப்பதோஸ் தீவின் இந்த வடக்கு மூலையில் அந்தக் கதை நடக்காது. ஞானஸ்நானமோ, கல்யாணமோ, கோயில் திருவிழாவோ, ஆண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மடியில் நிறுத்தி வில்லால் இழுக்கும் லிரா வாத்தியம் இழைய இழைய, ஆளுக்கு இரண்டு அடி அங்கேயே கட்டிப் பாடியாக வேண்டும். ஒருவர் பாடினால் அடுத்தவர் எசப்பாட்டு பாட வேண்டும். வாழ்த்துவது, வம்புக்கு இழுப்பது, மன்னிப்புக் கேட்பது, செத்தவரை நினைத்து அழுவது எல்லாம் அந்த இரண்டு அடிக்குள்தான். நேரில் சொன்னால் கைகலப்பில் முடியும் சங்கதி, பாட்டில் சொன்னால் கட்டிப்பிடிப்பதில் முடியும்.

மினாஸுக்கு அந்த இரண்டு அடி வரவே வராது. முப்பது வருஷத்துக்கு முன்னால் தன் கல்யாணத்தில், மாப்பிள்ளை பாட வேண்டிய நேரத்தில், எழுந்து நின்று வாயைத் திறந்தான். விக்கல்தான் வந்தது. ஒன்றல்ல, வரிசையாகப் பதினோரு விக்கல். மாமனார் வீட்டார் உட்கார்ந்து எண்ணினார்கள். அன்று முதல் அவன் ஊருக்கு விக்கல் மினாஸ். துறைமுகமான தியாஃபானியிலிருந்து மலை மேலிருக்கும் ஊருக்கு வளைந்து வளைந்து ஏறும் பாதையில் தினமும் நான்கு நடை பஸ் ஓட்டுகிறான். ஒரு கீறல் விழாமல் ஓட்டுகிறான். ஆனால் ஊர் பேசுவது என்னவோ அந்த விக்கலைத்தான்.

இப்போது அவனுடைய ஒரே மகள் ரிகோபுலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருந்தது. கல்யாணம் என்றதும் மற்ற தகப்பன்மார் ஆட்டுக்கும் அரிசிக்கும் ஒயினுக்கும் அலைவார்கள். மினாஸுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. பெண்ணைப் பெற்றவன் இரண்டு அடி பாடினால்தான் மணப்பெண் ஆட்டத்துக்கு எழுந்து வருவாள். அது முறை. தகப்பன் இல்லாத பெண் என்றால் தாய்மாமன் பாடுவான்.

"நீங்க கவலைப்படாதீங்க மச்சான். உங்களுக்கு வரலன்னா நான் பாடிட்டுப் போறேன்" என்று மனைவியின் தம்பி ஆறுதல் சொன்னான்.

"நான் உயிரோட குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போதா?"

"அதுக்கு நான் என்ன பண்றது? விக்கலுக்கு மெட்டுப் போட யாராலயும் முடியாதே!"

மனைவி மரீனா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், முந்தானை போலத் தொங்கும் தலைத்துணியால் வாயை மூடிக்கொண்டாள். ரிகோபுலா மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்கதான் பாடணும். நல்லா இருக்கோ இல்லையோ, எனக்குக் கவலை இல்ல. மாமா பாடினா நான் எழுந்திருக்கவே மாட்டேன். பொழுது விடியற வரைக்கும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பேன்."

சொன்னதைச் செய்கிற பெண் அவள்.

யோசித்து யோசித்து அவனுக்கு ஒரு வழி தெரிந்தது. வழி தெரிந்த இடம் பஸ்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு மழை நாளில், ரொட்டி சுடும் சோஃபிலா துறைமுகத்திலிருந்து மாவு மூட்டைகளோடு ஏறியிருந்தாள். வேறு பயணிகள் இல்லை. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மூட்டை உருண்டபோது, தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தாள். மாவைப் பற்றியும் மலையைப் பற்றியும் இரண்டே அடி. தேன் மாதிரி இருந்தது. மினாஸ் கண்ணாடியில் பார்த்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பெண்கள் மேசையில் பாடுவதில்லை. சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார்கள், அழுவார்கள், எவன் பாட்டு சொத்தை என்று வீட்டுக்கு வந்து சொல்வார்கள், அவ்வளவுதான்.

அந்த ஞாபகத்தில் ஒரு வியாழக்கிழமை அவளுடைய ரொட்டி அடுப்படிக்குப் போனான். சோஃபிலா நீளக் கழியால் தணலை வாரிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

"வெளிய மூச்சு விடக்கூடாது" என்றாள்.

"என் மகள் மேல சத்தியமாக்கா."

"விட்டா இந்த ஊர்ல உனக்கு ரொட்டி கிடையாது. பட்டினி கிடந்துதான் பஸ் ஓட்டணும்."

"சரிக்கா."

"மாவு மூட்டை?"

"இனிமே உன் மூட்டையை அடுப்பு வாசல் வரைக்கும் நானே சுமந்து போட்டுடறேன்."

அவள் நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தணலைப் பார்த்தாள். ஏதோ ஒரு குறும்பு யோசனை அவள் முகத்தில் ஓடி மறைந்தது. மினாஸ் அதைக் கவனிக்கவில்லை. பிறகு சொன்னாள்:

"கடலுக்கும் கரை உண்டு, காத்துக்கும் ஓய்வு உண்டு;
மகளே, உன் சிரிப்புக்கு மலைகூட எல்லை இல்லை."

மினாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. ரிகோபுலா சிரித்தால் மேல் தெருவில் கேட்கும். எங்கே போய்ப் பிடித்தாள் இதை என்று வியந்தபடி வீடு திரும்பினான்.

மூன்று வாரம் அந்த இரண்டு அடியைப் பஸ்ஸில் பாடிப் பாடிப் பழகினான். ஏறும்போது முதல் அடி, இறங்கும்போது இரண்டாம் அடி. பின்னால் உட்கார்ந்திருந்த ஜெர்மன்காரப் பயணிகள், பாதாளமான பள்ளத்தைப் பார்த்து ஓட்டுநரே ஜபம் செய்கிறார் என்று நினைத்து, தாங்களும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அன்று காலையில் ஒரு வேலை இருந்தது. இந்த ஊரில் வீடு என்பது பெண்வழிச் சொத்து. தாய் இருந்த வீடு மூத்த மகளுக்குப் போகும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவான். பெற்றவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒதுங்க வேண்டும். மினாஸும் அப்படித்தான் மரீனாவின் வீட்டுக்கு வந்தான். அவன் வந்த அன்று அவனுடைய மாமனார் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அப்போது மினாஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, புது வீட்டின் சுவரில் அடுக்கியிருந்த பீங்கான் தட்டுகளைத்தான் பார்த்தான். இப்போது தன் போர்வையையும் சவரப் பெட்டியையும் பஸ்ஸில் ஏற்றி, காற்றாலைகளுக்குக் கீழே இருந்த ஒற்றை அறையில் இறக்கி வைத்தபோது, அந்த மனிதரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தான். நல்ல நாளில் இதையெல்லாம் யாரிடம் சொல்வது? மரீனாவிடம்கூடச் சொல்லவில்லை. அவள் அந்த ஒற்றை அறைக்கு என்ன திரைச்சீலை போடலாம் என்று உற்சாகமாக இருந்தாள்.

மத்தியானம் கோயிலில் மணமக்களுக்குக் கிரீடம் மாற்றி முடித்து, எல்லோரும் மண்டபத்துக்கு வந்தார்கள். வெளியே காற்று ஊளையிட்டது. அது என்றைக்கும் ஊளையிடுகிறதுதான். உள்ளே வயிற்றில் அரிசி அடைத்துச் சுட்ட ஆட்டுக்குட்டியும், வெங்காயம் பொரித்துக் கொட்டிய மக்கரூனெஸ் என்ற மாவுப் பண்டமும் வட்டில் வட்டிலாக வந்தன. ரிகோபுலா கழுத்து நிறையத் தங்கக் காசுமாலையோடு, சுவரோரம் உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை ஃபிலிப்பாஸ், காலரைத் தளர்த்த அனுமதி கேட்கப் பயந்துகொண்டிருந்தான். பெண்கள் பெஞ்சில் சோஃபிலா சரியாக மேசை தெரியும் இடம் பார்த்து உட்கார்ந்தாள்.

மேசையில் மினாஸுக்கு நேர் எதிரே சம்பந்தி நிக்கிதாஸ். ஆட்டு மந்தைக்காரர், ஆறடி உயரம், மீசை மட்டும் தனி ஆள் மாதிரி இருக்கும். இந்தப் பக்கத்திலேயே பாட்டுக்கு அவரை அடிக்க ஆள் இல்லை என்று பெயர். அவர் பாடிய ஈரடிகளை ரோதேஸிலும் பால்டிமோரிலும் குடியேறிய பிள்ளைகள் தொலைபேசியில் கேட்டு எழுதி வைத்துக்கொள்வார்கள். அவருக்கும் அந்தப் பெயர் தெரியும். மீசையைத் தடவுவதிலேயே தெரியும்.

லிராக்காரர் வில்லை இழுத்தார். மேசை அமைதியானது. அவர் மினாஸைப் பார்த்துத் தலையசைத்தார். பெண்ணைப் பெற்றவன் முதலில் பாட வேண்டும்.

மினாஸ் எழுந்தான். ஒரு வாய் ஒயின் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். மெட்டு ஒரு சுற்று வந்து போனது. கடலும் கரையும் நாக்கு நுனியில்தான் நின்றன, ஆனால் நாக்குதான் அசையவில்லை. இன்னொரு சுற்றும் போனது. யாரோ ஓர் ஆள் மெல்ல விக்கல் மாதிரி ஒலி எழுப்பினான். மேசையின் ஓரம் குலுங்கிச் சிரித்தது.

"சம்பந்திக்குச் சந்தோஷத்துல வார்த்தை வரல" என்றார் நிக்கிதாஸ், பெரிய மனசோடு. "நான் துணைக்கு ஆரம்பிக்கறேன். அவர் பின்னாடியே வரட்டும்."

யாரும் மறுக்கவில்லை. அவர் பாடினால் கேட்க யாருக்குக் கசக்கும்? கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, மருமகளைப் பார்த்துக் கையை நீட்டிப் பாடினார்:

"கடலுக்கும் கரை உண்டு, காத்துக்கும் ஓய்வு உண்டு..."

மினாஸுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது.

ஒருவர் ஓர் அடி பாடினால் மேசை முழுக்க அதைத் திருப்பிப் பாட வேண்டும். அதுவும் முறை. ஆகவே மினாஸும் திருப்பிப் பாடினான். தன்னுடைய பாட்டைத் தானே, கோரஸில் நின்று பாடினான். பாடி முடித்ததும் மேசை இரண்டாம் அடிக்காகக் காத்து நின்றது. ஆனால் மூன்று வாரம் பழகிய நாக்கு நிற்கத் தெரியாமல் ஓடிவிட்டது. "மகளே, உன் சிரிப்புக்கு..." என்று அது பாட்டுக்கு முணுமுணுத்தது. லிரா சத்தத்தில் வேறு யார் காதிலும் விழவில்லை. எதிரே இருந்த ஒருவர் காதில் மட்டும் விழுந்தது.

நிக்கிதாஸ் கண்ணைத் திறந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்தப் பெரிய மீசைக்குப் பின்னால் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. எப்படியோ இரண்டாம் அடியைப் பாடி முடித்தார். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல்.

"சிரிப்புக்கு மலைகூட எல்லை இல்லையாம்! இவருக்குத்தான்யா இப்படி வரும்!"

"எங்கேயிருந்துதான் பிடிக்கிறாரோ!"

எங்கேயிருந்து என்று மினாஸுக்கு இப்போது தெரியும். பெண்கள் பெஞ்சைப் பார்த்தான். சோஃபிலா தலைத்துணியை இரண்டு கையாலும் வாயில் அழுத்திக்கொண்டு, கண்கள் பிதுங்க அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என் பாட்டு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விக்கல் என்ற பட்டப்பெயர் அந்த நிமிஷமே நிக்கிதாஸின் தலைக்கு மாறிவிடும். சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. எதிரே அந்த ஆறடி மனிதர், திருட்டுப் பால் குடித்துப் பிடிபட்ட பூனை மாதிரி உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த கோப்பை நடுங்கியது. இவர் என் மகளுக்கு மாமனார், இவருடைய வெட்கம் நாளைக்கு என் மகள் வீட்டு வெட்கம் என்று மினாஸுக்குத் தோன்றியது. அதைவிட, அந்த நடுக்கம் அவனுக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம். முப்பது வருஷமாகத் தனியாக நடுங்கியவனுக்கு இப்போது ஒரு கூட்டாளி கிடைத்திருந்தான்.

மெட்டு மறுபடி சுற்றி வந்தது. மச்சினன் தொண்டையைச் செருமினான். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளும் சத்தம் கேட்டது. ரிகோபுலா இரண்டு கையாலும் நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டாள். எழுந்திருக்க மாட்டேன் என்று சொன்னவள் அவள்.

"உட்காரு" என்றான் மினாஸ் மச்சினனிடம். பிறகு, ஒன்றும் யோசிக்காமல், காலையிலிருந்து நெஞ்சில் கிடந்ததை அப்படியே எடுத்துப் பாடினான். குரல் கரகரத்தது.

"ஏத்தி இறக்கி ஊரையெல்லாம் எத்தனையோ வருஷம் ஓட்டினேன்;
மாத்தி இன்னிக்கு, மகளே, என் ஸ்டாப்பு வந்துருச்சு, கதவைத் திற, மெதுவா நான் இறங்கிக்கிறேன்."

இரண்டாம் அடி மெட்டுக்குள் அடங்கவே இல்லை. லிராக்காரர் பாவம், வில்லின் கடைசி நுனிவரை இழுத்து, மூச்சை இழுத்து, இன்னும் இரண்டு முறை வளைத்து, ஒருவழியாக அவன் இறங்கும்வரை காத்திருந்து முடித்தார். யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். மேசை திருப்பிப் பாட வேண்டும். பாடினார்கள். பாடும்போதே, பெண்ணைக் கட்டிக்கொடுத்து வீட்டை விட்டு இறங்கியவர்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கண்ணுக்கு இழுத்து விட்டுக்கொண்டார்கள். மரீனா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றே விட்டாள். "ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

ரிகோபுலா அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். காசுமாலை கலகலவென்று குலுங்கியது.

இனி எசப்பாட்டு. எல்லோரும் நிக்கிதாஸைப் பார்த்தார்கள். அவர் இப்போது என்ன எடுத்து விடப்போகிறார் என்று கோப்பைகள்கூடக் கீழே வைக்கப்பட்டன. நிக்கிதாஸிடம் ஒன்றுமில்லை என்பது மினாஸுக்கும் சோஃபிலாவுக்கும் மட்டும் தெரியும். அவர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு மீசையைத் தடவாமல், தலையைச் சாய்க்காமல், கையை மேசை மேல் வைத்துக்கொண்டு, கணக்கு ஒப்பிக்கும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி பாடினார்:

"ஆடு மேய்ச்சவன் நான், எனக்குப் பாடத் தெரியாது சம்பந்தி;
வீடு பெருசு, நீ எங்கேயும் இறங்க வேணாம், உட்காரு!"

அப்புறம் எழுந்தது பாருங்கள் ஒரு ஆரவாரம்.

"பார்த்தியா பெரிய மனுஷனை! சம்பந்திக்குப் பாட வரலன்னதும், தானும் அவர் அளவுக்கு இறங்கி வந்து பாடறார்!"

"பாடத் தெரியாதாம்! இவருக்காம்! என்ன அடக்கம்யா!"

அவர் வாழ்நாளில் மேசையில் சொன்ன முதல் உண்மை அது. ஒரு பிள்ளையும் நம்பவில்லை.

"அதெல்லாம் சரி" என்றாள் மரீனா. "யார் வீட்டை யாரு குடுக்கறது? அது எங்கம்மா வீடு!" மண்டபம் மறுபடி சிரித்தது.

நிக்கிதாஸ் மேசையைச் சுற்றி வந்து மினாஸைக் கட்டிக்கொண்டார். எலும்பு நொறுங்குகிற கட்டல்.

"கேட்டுச்சு எனக்கு" என்று அவன் காதில் சொன்னார். "ஏன் சம்பந்தி சொல்லல?"

"எதை?" என்றான் மினாஸ். "எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"எத்தனை வாரம் பழகினீங்க?"

"மூணு."

"நான் அஞ்சு" என்றார் நிக்கிதாஸ். இருவரும் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்கள். சம்பந்திகள் அழுகிறார்கள் என்று ஊர் உருகிப் போனது.

ஆட்டத்துக்கு இடம் ஒதுக்க பெஞ்சுகளை நகர்த்தினார்கள். அந்தச் சந்தடியில் சோஃபிலா மினாஸின் பக்கத்தில் வந்தாள். முகம் குற்றவாளி முகமாக இருந்தது.

"மன்னிச்சுக்க தம்பி. நீதான் முதல்ல பாடுவன்னு நினைச்சேன். இருபது வருஷமா என் பாட்டைப் பாடிட்டு மீசையைத் தடவறாரே, ஒரு நாளாவது வாயடைச்சு நிக்கட்டும்னு ஒரே பாட்டை ரெண்டு பேருக்கும் குடுத்தேன். நீ ஒயினைக் குடிச்சிட்டு நின்னுட்ட."

"நான் செத்துப் பிழைச்சேன்க்கா."

"தெரியும். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. இந்த மேசையில பாதிரியாரைத் தவிர எவன் பாடினாலும் அது நான் அடுப்படியில கட்டினது. நான் கட்டாத பாட்டை இன்னிக்குத்தான் கேட்டேன். அதுவும் ஒண்ணுக்கு ரெண்டா."

மினாஸ் திரும்பி மேசையைப் பார்த்தான். பள்ளிக்கூட வாத்தியார், கப்பல்காரர், விக்கல் சத்தம் போட்டவன், தொண்டையைச் செருமியபடி தயாராக நின்ற மச்சினன்.

"எல்லாருமா?"

"எல்லாரும். வியாழக்கிழமை ஆனா ஒவ்வொருத்தனா வந்து நிக்கறான், எனக்கு ரொட்டி சுடவே நேரம் கிடைக்கறதில்ல."

"என் பாட்டு எப்படிக்கா இருந்துச்சு?"

"கேவலமா இருந்துச்சு" என்றாள் சோஃபிலா. தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு தரம் சொல்லு, நான் மனசுல வெச்சுக்கறேன்."

சொல்ல நேரமில்லை. ரிகோபுலா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். காசுமாலை ஒலிக்க நேரே வந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். மாப்பிள்ளை பின்னால் ஓடி வந்து அடுத்த கையைப் பிடித்துக்கொண்டான். வட்டம் மெல்ல நகர ஆரம்பித்தது. இரண்டு அடி முன்னே, ஓர் அடி பின்னே.

"அப்பா" என்றாள் அவள், முன்னால் பார்த்தபடியே. "அந்தப் பாட்டை யாருப்பா கட்டிக் குடுத்தா?"

"யாரும் இல்லம்மா. நானேதான்."

"தெரியும்" என்றாள். "எங்கப்பாவைத் தவிர வேற யாராலயும் இவ்வளவு மோசமாக் கட்ட முடியாது."

முறைப்படி முதல் சுற்று முடிந்ததும் தகப்பன் கையை விட்டுவிட்டு மேசைக்குத் திரும்ப வேண்டும். மினாஸ் விட்டான். அவள் விடவில்லை.